முழுக் கட்டணம்

கரகண்டாவிலிருந்து தெமிர்தாவ் வரை
முப்பத்தைந்து கிலோமீட்டர்.
என் டாக்ஸியில் ஏறிய ஒருவரும்
இந்தக் குளிர்காலம் கையுறை கழற்றவில்லை.

ஹீட்டர் ஊதாமல் இல்லை.
ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறவளின் மூச்சு மாதிரி
ஊதிக்கொண்டுதான் இருக்கிறது.
வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்தேழு.
முன்கண்ணாடியின் உட்புறம் பனி பூக்க
காலாவதியான பஸ் அட்டையால் சுரண்டி
உள்ளங்கையளவு சாலையைப் பார்த்து ஓட்டுகிறேன்.
"ஷோல்பான், இது காரா, ஐஸ் பெட்டியா?"
கேட்டாள் ஒரு கணக்கு டீச்சர்.
இரண்டுக்கும் கதவு உண்டு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பல் கிட்டியிருந்தது.

தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று.
மூன்று நாள் வருமானம் அதோடு போயிற்று.
முள் ஒழுங்காக நடுவில் நிற்கிறது,
எஞ்சின் தன்பாட்டுக்குக் காய்கிறது,
சூடு மட்டும் உள்ளே வர மாட்டேன் என்கிறது.

ஞாயிறு இரவு, எட்டுக்கு மேல்,
ரிம்மாவின் கார் கழுவும் கொட்டகையில் ஓரத்து இடம்.
வாடகை இல்லை,
அவள் மகனை ஒரு மாதம் நீச்சல் வகுப்பில் விட வேண்டும்.
பானெட்டைத் தூக்கி
ஹீட்டருக்குப் போகும் குழாய்கள் இரண்டையும்
இரு கையால் பிடித்துப் பார்த்தேன்.
போகிற குழாய் சுட்டது.
திரும்புகிற குழாய்
செத்தவன் விரல்.

எஞ்சின் ஆறியதும் வடித்தேன்.
பச்சையாக வர வேண்டியது
ஆறிப்போன குழம்பாக இறங்கிற்று.
முகர வந்த நாயை விரட்டினேன்,
இந்த விஷம் இனிக்கும்.

பிறகு திரும்புகிற வாயில் ஹோஸைச் செருகி
தண்ணீரைத் தலைகீழாக விட்டேன்.
முதலில் ஒன்றுமில்லை.
ஒரு இருமல்.
பிறகு பொத்தென்று
பக்கெட்டில் விழுந்தது ஒரு மஞ்சள் கட்டி.

நசுக்கினேன். மோந்தேன்.
கடுகு.

ரேடியேட்டர் ஒழுகினால் கடுகுத்தூள் போடுகிறவர்கள் உண்டு.
ஊறி, உப்பி, ஓட்டையில் போய் உட்காரும்.
விற்கும்வரை தாங்கும்.
எனக்கு விற்றவன் தங்கை கணவன் பௌர்ஜான்.
"ஒரு சொட்டு ஒழுகாது அக்கா" என்று
ரொட்டியின் மேல் கைவைத்துச் சொன்னான்.
பொய் இல்லை.
ஒழுகவில்லைதான்.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாதாம்.
இதில் காரம் போயிருந்தது,
கணக்கு மிச்சமிருந்தது.

கேக் சாமான் கடையில் வாங்கிய சிட்ரிக் அமிலம்
நான்கு பொட்டலம் வெந்நீரில் கரைத்து
எஞ்சினுக்குப் புகட்டி அரைமணி ஓடவிட்டேன்.
வடித்தால், கறுப்புத் தேநீர்.
நல்ல தண்ணீர் விட்டு வடித்தால், வெறும் தேநீர்.
மூன்றாம் முறை ரிம்மா கொட்டாவியோடு
"குடிக்கலாம் போலிருக்கே" என்றாள்.

புது கூலண்ட் ஊற்றும்போதுதான் கேட்டது
கீழே,
சொட்.
மறந்தே போனேன்:
அடைப்பு போனால் ஓட்டையும் திறக்கும்.
டார்ச்சோடு மல்லாந்து தேடினேன்.
ரேடியேட்டரில் ஓட்டையே இல்லை.
கீழ்க்குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது.
ஸ்க்ரூட்ரைவரில் ஒன்றரைச் சுற்று.
ஒன்றரைச் சுற்றுக்குச் சோம்பிய ஒருவனால்
இரண்டு குளிர்காலம் என் கால்விரல்கள் மரத்தன.

சரிவில் மூக்கைத் தூக்கி நிறுத்தி
மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டேன்.
குமிழி. குமிழி. நீண்ட ஓர் ஏப்பம்.
கூலண்ட் ஒரு விரல் இறங்கிற்று, நிரப்பினேன்.
உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.
கணுக்காலில் ஏதோ பட்டது.
நாய் என்று நினைத்துக் குனிந்தேன்.
காற்று.

வியாழன் அதிகாலை பௌர்ஜான் கூப்பிட்டான்,
அஸ்தானா ரயிலைப் பிடிக்க வேண்டுமாம்.
முதல் சிக்னலில் கையுறை கழற்றினான்.
எஃகு ஆலை தாண்டியதும் தொப்பி.
பிறகு கோட்டின் ஜிப்.
"நல்ல கார்னு அப்பவே சொன்னேன் இல்லையா?"
ஆமாம் என்றேன்.

ஸ்டேஷன் வாசலில்
ஐயாயிரம் தெங்கே என்றேன்.
"சொந்தக்காரன்கிட்டயா, அக்கா?"
ஹீட்டரை அணைக்காமல் காத்திருந்தேன்.
ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தான்,
மரக்காத விரல்களால்,
ஒன்றுகூட நழுவாமல்.